ஒரு ‘மஸ்ட்’ படுத்திய பாடு

துரையின் அறையிலிருந்து வெளியே வந்த அபூதாஹிரின் முகம் தொங்கிப்போயிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு தேயிலைக் கிட்டங்கியில் அவர் கிளாக்கர். காலையில் மைத்துனன் ஜெமீல் கடலுக்கு அக்கரையில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலிருந்து ஓடிவந்திருந்தான். மனைவி நஜ்முன் நிஸாவுக்கு நோவு கண்டுவிட்டது. தலைப்பிரசவம்.

“லீவு தந்தாரா?” என்று கேட்டார் பக்கத்து மேசைக் கிறிஸ்தோபர்.

“‘ஐ மே கோ?’ எண்டு கேட்டன். ‘யூ மே’ எண்டார்.”

“பிறகென்ன, போங்களன்.”

“எப்பிடிப் போறது? ‘மே’ எண்டா மழை பெய்யலாம், பெய்யாமலும் விடலாம் எண்டுதானே வாத்தியார் படிப்பிச்சவர். துரை இன்னும் முடிவெடுக்கல்ல.”

கிறிஸ்தோபர் யோசித்தார். அவரும் அதே வாத்தியாரிடம் இங்கிலீஷ் படித்தவர்தான். “‘மே’ பலமில்லாத சொல்லு. ‘கேன்’ போட்டுக் கேளுங்க.”

அபூதாஹிர் உள்ளே போன வேகத்தில் திரும்பினார்.

“‘யூ கேன்’ எண்டுறார். எனக்குக் கால் இரிக்கு, நடக்க ஏலும் எண்டது துரைக்கும் தெரிஞ்சிரிக்கு. லீவைப் பத்திக் கதையே இல்ல.”

ஜெமீல் வாசலில் நின்று கையைப் பிசைந்தான். “மச்சான், மருத்துவிச்சி றுக்கியாம்மாவே பயப்படுறா.”

“அப்ப ‘மஸ்ட்’ போடுங்க,” என்றார் கிறிஸ்தோபர். “அதுக்கு மேல இங்கிலீசில சொல்லில்ல.”

மூன்றாம் முறையும் அபூதாஹிர் உள்ளே போனார். ‘ஐ’ என்று தொடங்கவேண்டிய இடத்தில், வந்து ஒரு கிழமையே ஆன அந்த வெள்ளைக்காரத் துரையின் முகத்தைக் கண்டதும், வேறொன்று வந்து விழுந்தது.

“சேர், யூ மஸ்ட் கோ கிண்ணியா.”

துரை எழுந்தார். தொப்பியை மாட்டினார். “ஐ மஸ்ட் கோ,” என்றபடி விறுவிறுவென்று இறங்குதுறைக்கு நடந்தார்.

“துரைக்கே கட்டளை போட்டிட்டீங்க,” என்று கிறிஸ்தோபர் தலையில் கை வைத்தார். “வேலை போச்சு.”

மன்னிப்புக் கேட்கப் பின்னால் ஓடிய அபூதாஹிரையும் ஜெமீலையும் ஏற்றிக்கொண்டு கிட்டங்கியின் மோட்டார் லோஞ்ச் கிண்ணியாவுக்குப் பறந்தது.

வீட்டில் றுக்கியாம்மா கையை விரித்தார். “பிள்ளை குறுக்க கிடக்கு. என்னால ஏலாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.”

அதைத் துரைக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. நிஸாவைக் கதிரையில் இருத்தித் தூக்கியபோது ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். லோஞ்சில் தன் கோட்டைக் கழற்றி மடித்து அவள் தலைக்கு வைத்தார்.

பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் மகள் பிறந்தாள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இரண்டு உயிரும் தப்பியிராது என்றார் டொக்டர். ஆஸ்பத்திரி விறாந்தையில் அபூதாஹிர் துரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“தேங்க் யூ, சேர்.”

“தேங்க் யூ, சேர்,” என்றார் துரையும், கண் கலங்க.

அவர் அப்பால் போனதும் அபூதாஹிர் லோஞ்ச் ஓட்டி அலியாரிடம் மெதுவாகக் கேட்டார். “நானா, இப்பிடிப்பட்ட மனிசனுக்குக் கட்டளை போட்டிட்டன். இங்கிலீசில எப்பிடி மன்னிப்புக் கேக்கிற?”

“இங்கிலீசில கேட்டு என்ன தம்பி, துரை இத்தாலிக்காரர். அவருக்கு விளங்கின ஒரே சொல்லு ‘மஸ்ட்’தான், மத்ததெல்லாம் நீங்க சொல்லச் சொல்ல ‘ஐ’யை ‘யூ’ ஆக்கித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கிறாராம்.”