கருப்பாயிக்குப் பிரசவ லீவு

தேளுக்குப் பிரசவம் என்று லீவு லெட்டர் எழுதிய டீச்சர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவருடன் ஒரே அறையில் மூன்று வருஷம் குடியிருந்த பெருமை எனக்கு உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் மாடி அறை. என் அறைத்தோழி, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தும் டீச்சர். சொந்த ஊர் திருமழபாடி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் அட்டெண்டன்ஸில் மட்டும்தான் இருந்தது. பிள்ளைகள் வைத்த பேர் 'கொடுக்கு டீச்சர்'. தேளின் கொடுக்கை பிளாக்போர்டு முழுக்க வரைந்து, ஒரு பீரியடில் முடிக்க வேண்டிய பாடத்தை ஒரு வாரம் நடத்தியதற்குக் கிடைத்த பட்டம்.

"பட்டம் நல்லாத்தான இருக்கு? கரப்பான் டீச்சர்னு வெச்சிருந்தாதான் அசிங்கம்" என்பார்.

நான் குடிவந்த அன்றைக்கே அவர் கட்டிலுக்கடியில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் கவனித்தேன். அடியில் ஈர மண், ஒரு உடைந்த ஓடு, மேலே கம்பிவலை மூடி. மீன் செத்துப்போய் மண்ணை நிரப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். ஓட்டுக்கடியிலிருந்து உள்ளங்கை நீளத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு நட்டுவாக்காலித் தேள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் கட்டில்மேல் ஏறி நின்றேன்.

"பயப்படாத வசந்தி. இவ பேரு கருப்பாயி. குரும்பலூர் பக்கம் கல்லப் பொரட்டுனப்ப கெடச்சா. ரொம்ப சாது."

"சாதுவா? கையப் பாருங்கக்கா, நண்டு கை மாதிரி இருக்கு!"

"அதான் சாதுங்கறேன். கை பெருசா இருந்தா வெஷம் கம்மி. கை ஒல்லியா, வாலு தடியா இருந்தாத்தான் பயப்படணும். இது ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சுக்க."

அன்று இரவு தூங்காமல் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தேன்.

கருப்பாயியால் விடுதிக்கு ஒரு நன்மை உண்டு. டீச்சர் தினமும் சாயங்காலம் சமையல்கட்டுக்குப் போய்க் கரப்பான் பிடித்து வருவார். ஆறே மாதத்தில் அங்கே கரப்பானே இல்லாமல் போய், பக்கத்து ஓட்டலில் போய்க் கேட்கும் நிலைமை. "கரப்பான் இருக்குங்களா?" என்று இவர் பணிவாகக் கேட்க, சுகாதாரத்துறை அதிகாரி என்று நினைத்து முதலாளி, "சத்தியமா இல்லீங்கம்மா" என்று கும்பிட்டாராம்.

ஒரு தடவை ஜெயங்கொண்டத்திலிருந்து டீச்சரைப் பெண் பார்க்க வந்தார்கள். விடுதி வரவேற்பறையில் மாப்பிள்ளையின் அம்மா, "பொழுது போகாட்டி என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டார். இவர் மாடிக்குப் போய்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் இருந்தார்கள். விடுதி வார்டனம்மா அன்றைக்கு ஊரில் இல்லாததால் தப்பித்தோம். பஜ்ஜி முழுக்க எங்களுக்கு.

"வருத்தமாக்கா?" என்றேன்.

"மாப்பிள்ள ஒரு எட்டு கிட்ட வந்து பாத்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜியைத் தொடாமல் மாடிக்குப் போனார்.

அப்புறம்தான் கருப்பாயி உண்டாகியிருப்பது தெரிந்தது. வயிற்றின் பக்கவாட்டுத் தோல் விரிந்து வெளுத்திருப்பதைக் காட்டி, "மாசமா இருக்கா. நாம் புடிக்கிறதுக்கு முன்னயே ஆம்பளகூட சேந்திருப்பா" என்றார் டீச்சர். மாதங்கள் பல போயின. தேள் பத்து மாதக் கணக்கெல்லாம் பார்க்காதாம். கடைசியில் ஒரு நாள் கருப்பாயி கரப்பானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த லீவு லெட்டர், 'கருப்பாயிக்குப் பிரசவம்' என்று.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம்: "கருப்பாயிங்கறது உங்க அக்காவாம்மா?"

"இல்ல சார். தேளு."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "காரணம்ங்கற எடத்துல சொந்த வேலைன்னு மாத்தி எழுதிக் குடுங்க" என்று லெட்டரைத் திருப்பிக் கொடுத்தாராம்.

இருபத்திரண்டு குட்டிகள். முட்டையெல்லாம் கிடையாது, நேராகக் குட்டிதான். உடைத்த முந்திரிப்பருப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று ஒவ்வொன்றாகத் தாயின் காலைப் பிடித்து முதுகில் ஏறி உட்கார்ந்தன. தொந்தரவு செய்தால் தாயே குட்டிகளைத் தின்றுவிடுமாம். அதனால் டீச்சர் அறைக் கதவில் தாள் ஒட்டினார்: 'பிரசவம் நடந்த அறை. சத்தம் போடாதீர்கள்.'

அந்தத் தாளை வார்டனம்மா பார்த்துவிட்டார்.

கல்யாணமாகாத பெண்கள் தங்கும் விடுதியில் 'பிரசவம்' என்ற வார்த்தையைப் பார்த்து ஒரு வார்டன் என்ன நினைப்பாரோ அதை நினைத்துக்கொண்டுதான் கதவை உடைக்காத குறையாக உள்ளே வந்தார். விஷயம் தேள் என்று தெரிந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். மறு நொடியே அலறினார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள நீயும் காலி பண்ணணும், அந்தச் சனியனும் காலி பண்ணணும்!"

டீச்சர் எதிர்த்துப் பேசவில்லை. "குட்டிங்க மொதத் தோலு உரிக்கிற வரைக்குமாச்சும் ஆட்டாம இருக்கணும்" என்று என்னிடம் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை. குளியலறைக்குப் பின்னால் அடுக்கியிருந்த செங்கல்லை நகர்த்திய வார்டனம்மா, "ஐயோ!" என்று கத்தினார். ஓடிப்போனோம். கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உன் சனியன் கொட்டிருச்சுடி! கொலகாரி!"

எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும்தான் பார்த்தேன்.

டீச்சர் என்னிடம், "வசந்தி, போயி எண்ணிட்டு வா" என்றார். ஓடினேன். எண்ணினேன். மாடியிலிருந்தே கத்தினேன்: "தாயும் இருக்கு, இருபத்திரண்டு பிள்ளைங்களும் இருக்குக்கா!"

அதற்குள் அவர் சமையல்கட்டு இடுக்கியால் செங்கல்லைப் புரட்டி, சுண்டுவிரல் நீளத்தில் ஒன்றைப் பிடித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டிருந்தார். செம்மண் நிறம். ஒல்லிக் கை, தடி வால். டீச்சர் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பின்தெருவுல மந்திரிக்கிறவரு இருக்காரு, கூட்டியாரட்டா?" என்றார் சமையல்காரம்மா. வார்டனம்மாவும் தலையாட்டினார். அவர் கை ஜில்லிட்டு, நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது.

"மந்திரம் பெறகு. இது செந்தேளு, நெஞ்சப் புடிக்கும். வசந்தி, ஆட்டோ!"

ஆட்டோவில் ஏறியதும் வார்டனம்மா பாட்டிலைப் பார்த்தார். "அது வந்தா நான் வரமாட்டேன்."

"அது வந்தாத்தாம்மா டாக்டருக்கு எதுன்னு தெரியும்."

"அப்ப அத முன்சீட்டுல வெய்யி!"

"ஐயையோ, அப்ப நான் வரலீங்க" என்றார் ஆட்டோக்காரர்.

கடைசியில் பாட்டில் டீச்சர் மடியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்த நிமிடமே வைத்தியம் ஆரம்பமானது. இரண்டு நாள் படுக்கை. டீச்சர் அந்த இரண்டு நாளும் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். கருப்பாயிக்கு நான் காவல்.

டாக்டர் எங்களிடம், "யாரு இந்தப் பொண்ணு? மந்திரிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா இந்த அம்மா பொழச்சிருக்க மாட்டாங்க" என்றார். "எங்க டீச்சர், சார்" என்றேன். என் குரலே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

திங்கட்கிழமை வார்டனம்மா கட்டுப்போட்ட கையோடு மாடிப்படி ஏறி வந்தார். கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தார்.

"எங்கடி கெளம்புற?"

"நீங்கதானம்மா காலி பண்ணச் சொன்னீங்க. ஒரு நாள் லேட்டாயிருச்சு."

வார்டனம்மா தொட்டியருகே குனிந்தார். கருப்பாயி முதுகு நிறையப் பிள்ளைகளோடு அசையாமல் நின்றாள்.

"புள்ள பெத்தவள பத்து நாளுகூட ஆவாம யாராச்சும் வெளிய அனுப்புவாங்களா? பெட்டியப் பிரி."

குட்டிகள் தோலுரித்து, கறுத்து, முதுகை விட்டு இறங்கி நடந்த நாளில் விடுதியே எங்கள் அறையில் இருந்தது. வார்டனம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தோம். வளர்ந்ததும் டீச்சர் அவற்றைக் குரும்பலூர் பாறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார். அப்புறம் அரியலூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனார், கருப்பாயியோடு.

அவர் போனபிறகு அந்த மாடி அறைக்கு வேறு பெண்கள் வந்தார்கள், அமைதியானவர்கள், எதையும் வளர்க்காதவர்கள். ஒரு மாதம்கூட என்னால் அங்கே இருக்க முடியவில்லை.