வெள்ளைத் துப்பட்டாவும் பன்னிரண்டு பேர் வளர்த்த மீனும்

கூட்டம் சேர்ப்பதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்சிக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்காவது பிரியாணி உண்டு. நான் சேர்த்த கூட்டத்துக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஏரிகளைச் சீரமைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் 'மக்கள் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்' வேலை. (செங்கல்பட்டில் எங்கள் தெருவில் இந்தப் பதவியின் பெயரை மூச்சு வாங்காமல் சொன்னவர் என் அப்பா ஒருவர்தான்.) வேடந்தாங்கல் போகிற வழியில் ஓர் ஊர், அந்த ஊருக்கு ஓர் ஏரி. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். எனக்கு இன்னும் அங்கே போக வர வேண்டியிருக்கிறது. அந்த ஏரியின் எதிர்காலம் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடமே கேட்டுத் திட்டம் போட வேண்டும் என்பது எனக்கிட்ட கட்டளை. கேட்பதற்கு முன்பே எங்கள் சென்னை அலுவலகத்தில் திட்டத்தைக் கலர் கலராக வரைந்து முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். நடைபாதை, படகுத் துறை, ஏரியைச் சுற்றிக் கம்பி வேலி, வாசலில் மாமல்லபுரத்தில் செதுக்கிய ஆளுயரக் கல் கொக்கு. மக்கள் வந்து "ஆகா" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மக்கள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்த முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இரண்டாவது கூட்டத்துக்குக் கஸ்தூரி அக்கா மட்டும் வந்தார். அவரும் நான் பாவம் என்று வந்தவர்.

கஸ்தூரி அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவரைத் தலைவியாக வைத்து, அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு குழு அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தது. குஞ்சு விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. தவிடும் புண்ணாக்கும் போட்டு, முறை வைத்துக் கரையில் காவல் கிடந்து வளர்த்தார்கள். பங்குனியில் பிடிப்பதாக இருந்தார்கள். பன்னிரண்டு வீடுகள் அந்த மீனை நம்பிக்கொண்டிருந்தன.

குழு பிடித்து முடித்த பிறகு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்மக்களைக் கரைக்கு வரச் சொல்லி அறிவிப்பார்கள். எல்லோரும் கூடியதும் குழுத் தலைவி மதகின் மேல் ஏறி ஒரு வெள்ளைத் துணியை வீசுவார். அவ்வளவுதான், மிச்சமிருக்கிற மீன் ஊருக்குச் சொந்தம். இதைக் கஸ்தூரி அக்கா எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். நானும் 'பண்பாட்டுக் கூறுகள்' என்று தலைப்பிட்டு, பச்சை மையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். படித்த பெண் அல்லவா!

மூன்றாவது கூட்டத்தைக் கரையிலேயே வைக்கச் சொன்னவரும் அவர்தான். "பள்ளிக்கூடத்துக்கு எவன் வருவான்? ஏரியப் பத்திப் பேசணும்னா ஏரியாண்ட வெச்சிப் பாரு" என்றார். எங்கள் மேலாளர் வேறு, இந்த முறையும் ஆள் வரவில்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று அன்பாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ஓர் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகப் போனேன். "நாளை காலை ஏழு மணிக்கு அனைவரும் ஏரிக் கரைக்குத் திரண்டு வாரீர்!" என்று நானே கத்தினேன். கதவுகள் திறந்தன. எட்டிப் பார்த்த முகங்களில் அப்படி ஒரு மகிழ்ச்சி. என் குரலுக்கு இவ்வளவு வசீகரமா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. அதெப்படி என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கக்கூடிய கஸ்தூரி அக்கா அன்று ஊரில் இல்லை. கோவளத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். குழுவின் மற்றப் பெண்கள் இதையும் என் பழைய கூட்டங்களில் ஒன்று என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே கரை நிரம்பிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். மேலாளர் சென்னையிலிருந்து பளபளக்கும் ஷூவோடு வந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாரும் வாளி, கூடை எல்லாம் வச்சிருக்காங்களே, எதுக்கும்மா?"

"ஏரியைச் சுத்தம் பண்றதுக்கு சார்" என்றேன். அறிவிப்பில் நான் சுத்தம் என்ற வார்த்தையே சொல்லவில்லை. மக்கள் தாமாக முன்வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன்.

"கொசுவலை?"

"பாசி அள்ள சார்."

"வெரி குட்" என்றார். கொசுவலைக்காரரோடு நின்று ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்.

ஏழு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். அது ஒரு முறை கொர்ரென்று இழுத்துவிட்டுச் செத்துப்போனது. கூட்டமோ சந்தை இரைச்சல். "சைலன்ஸ் ப்ளீஸ்" என்று கத்திப் பார்த்தேன்; என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எல்லோர் கண்ணிலும் படுகிற இடம் மதகு ஒன்றுதான். அதன் மேல் ஏறினேன். கையைத் தூக்கினேன், யாரும் பார்க்கவில்லை. ஆகவே கழுத்தில் கிடந்த துப்பட்டாவை உருவி, தலைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி வீசினேன்.

வெள்ளைத் துப்பட்டா.

கரை முழுக்க அமைதியானது. அத்தனை கண்களும் என் மேல். 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று நான் வாயைத் திறப்பதற்குள், "ஓ...!" என்று ஒரு சத்தம் எழுந்தது. ஊரே ஏரிக்குள் குதித்தது.

அந்த நொடியில்தான் என் பச்சை மை ஞாபகத்துக்கு வந்தது.

"ஐயோ, வேணாம், வெளிய வாங்க!" என்று மறுபடியும் துப்பட்டாவைத்தான் வீசினேன். (வேறு என்ன இருந்தது கையில்?) வருவதா போவதா என்று தயங்கி நின்ற பத்துப் பேரும் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தார்கள். அந்த வருஷம் மழை குறைவு, தண்ணீர் இடுப்பளவுதான். கொசுவலை, பழைய புடவை, சோற்றுக் கூடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு அள்ளினார்கள். மேலாளர் என்னிடம் மெல்லக் கேட்டார், "பாசி இவ்வளவு துள்ளுமா?"

கஸ்தூரி அக்கா கோவளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, கையில் பையோடு அப்போதுதான் கரை ஏறி வந்தார். ஏரியைப் பார்த்தார். மதகின் மேல் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எட்டு மாசம்மா" என்றார். "நைட்டெல்லாம் முழிச்சிகினு கெடந்தோம். இன்னாம்மா இப்டிப் பண்ட்ட?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போவதைப் பற்றியெல்லாம் அப்போது நினைப்பே இல்லை. என்னை நம்பிய ஒரே மனுஷியின் மீனை நானே ஊருக்கு வாரிக் கொடுத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அவர் அழவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினார். மற்ற பதினோரு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். அந்த ஏரியிலிருந்து மேலே வர ஒரே ஒரு வழிதான். மீதிக் கரை முழுக்கச் சீமைக்கருவேல முள். அந்த வழியின் வாயில் பெரிய பெரிய கூடைகளாக வைத்துப் பன்னிரண்டு பேரும் குறுக்கே நின்றுகொண்டார்கள்.

"நாங்க இன்னும் புடிக்கவே இல்ல. இந்தப் பொண்ணு தெரியாம வீசிட்சி. பாதி இங்க போடு, பாதி வூட்டுக்கு எடுத்துகினு போ. முடியாதுன்னா ஏரிலயே நின்னுகினு இரு" என்றார்.

கொஞ்ச நேரம் முறைப்பும் முணுமுணுப்புமாக இருந்தது. வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக வரிசைக்கு வந்தார்கள். மேலாளர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நிக்கிறாங்கல்ல, ஃபார்மையாவது நிரப்பு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கருத்துக் கேட்புப் படிவங்களோடு வரிசைக்குப் போனேன்.

முதல் கேள்வி, 'ஏரியின் எதிர்காலம் குறித்து உங்கள் கனவு என்ன?' முதல் ஆள் சொன்னார், "இந்த ரெண்டு கெண்டையும் முழுசா வூட்டுக்குப் போவணும். அதான் கனவு."

பாதி மீனைப் பறிகொடுத்த கோபத்தில் அன்று யாரும் எதையும் மறைக்கவில்லை. "படகு வுடப் போறியா? இடுப்பளவுத் தண்ணிக்கு இன்னாத்துக்குப் படகு, நடந்தே போலாமே" என்றார் ஒருவர். "கெழக்கு மூலையில கால வெச்சேன், முட்டி வரைக்கும் சேறு. மொதல்ல அத்தத் தூர் வாரு" என்றார் இன்னொருவர். அதையே முழங்கால் வரை சேறு பூசிய இருபது பேர் திரும்பச் சொன்னார்கள். "வேலி போட்டா மாடு எங்க போய்த் தண்ணி குடிக்கும்? உங்க ஆபீஸ்லயா?" என்று ஒரு பெண் மேலாளரையே கேட்டார். கல் கொக்கின் படத்தைக் காட்டினேன். "நெசக் கொக்கே வந்துகினு கீது, கல்லு எதுக்கு?" என்றார்கள். மேலாளர் அந்தப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்.

ஒரு படிவம் மிச்சமில்லை. எல்லாவற்றிலும் செதில் ஒட்டியிருந்தது. திருத்தி எழுதிய திட்டத்தில் தூர் வாரல் முதலில் வந்தது, வேலியும் படகும் போயின. நடைபாதை மட்டும் பிழைத்தது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில் 'மக்கள் மிகுந்த ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். என் வேலையும் தப்பியது.

கூடைகளில் சேர்ந்த மீனை அன்றே விற்றாக வேண்டும். பறவை பார்க்க வேடந்தாங்கல் போகும் கார்களை மறித்து, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, சாயங்காலம் வரை நானும் அந்தப் பன்னிரண்டு பேரோடு நின்று மீன் விற்றேன். எல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் கூவுற" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். கஸ்தூரி அக்கா என் மாமியாரைத் தேடிப் பிடித்து, கையைப் பற்றிக்கொண்டு, மண்டபமே கேட்கும்படி சொன்னார்: "உங்க மருமவ தங்கமான பொண்ணும்மா. ஆனா மீனு இருக்கற எடத்துல மட்டும் தனியா வுட்ராத. ஊருக்கே வாரிக் குடுத்துரும்!"

மாமியார் சிரித்தார். மறக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு என்றால் கரண்டி என் கைக்கு வராது. "நீ மொதல்ல உக்காரு, உன்ன நம்பிச் சட்டியக் குடுக்க முடியாது" என்று அவரே பரிமாறிவிடுவார். நாத்தனார்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. எங்கள் தெருவில் முதல் ஆளாக உட்கார்ந்து, சுடச்சுட, தலைத் துண்டோடு மீன் குழம்பு சாப்பிடுகிற ஒரே மருமகள் நான்தான்.