கடைசித் தேதி அண்ணாச்சியின் பதினோரு விநாடி

உலகத்தில் எந்தப் பொருள் என்றைக்குக் கெடும், எது என்றைக்கு நம்மை விட்டுப் போகும் என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறார். சந்தேகம் இருந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அவருடைய பால்கோவாக் கடைக்கு வந்து பாருங்கள். அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. அதை யாரும் நிமிர்ந்து படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் கடைசித் தேதி அண்ணாச்சி.

பால்கோவா விற்கிறவருக்குத் தேதி முக்கியம்தான். கிண்டி இறக்கிய நாளையும், எத்தனை நாளுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதையும் டப்பாவில் ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். அதற்கென்று லேபிள் அச்சடிக்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கினார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. கடை நாற்காலியில் ஒட்டினார். குடையில் ஒட்டினார். சுவர்க் கடிகாரத்தில் "பேட்டரி கடைசித் தேதி" என்று ஒட்டினார். ஒருநாள் என் செருப்பைக் குனிந்து பார்த்து, "தம்பி, இது வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்கும்" என்றார். வியாழக்கிழமையே வார் அறுந்து, ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் ஆபீஸ் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன்.

மறுநாள் நேராகப் போய்ச் சண்டை போட்டேன். "நீங்க கண்ணு வச்சதுலதான் அறுந்துச்சு அண்ணாச்சி!"

"ஒரு நாள் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். வெயில் காலம்லா" என்றார், எடைத்தட்டைத் துடைத்துக்கொண்டே.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறவன். சாயங்காலம் இறங்கியதும் அண்ணாச்சி கடையில் செத்த நேரம் உட்காராவிட்டால் எனக்கு நாள் முடிந்த மாதிரியே இருக்காது. கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவன் என்ற ஒரே தகுதியில் அவருடைய போனுக்கும் டிவிக்கும் நான்தான் வைத்தியர். அப்படித்தான் ஒருநாள் போனை நீட்டினார்.

"தம்பி, மாசாமாசம் சந்தா கட்டுனா இதுல படம் வருமாம்லா. அந்த லாரிப் படம் இருக்கானு பாருங்க."

எந்தப் படத்தின் பெயரும் அவருக்கு நினைவிருக்காது. லாரிப் படம், கிணத்துப் படம், ரெண்டு போலீஸ் படம், இப்படித்தான் சொல்வார். ஆனால் லாரிப் படம் எது என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சிக்குக் கல்யாணமான புதிது. வன்னியம்பட்டிப் பக்கம் ஷூட்டிங் நடக்கிறது என்று யாரோ சொல்ல, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஓடிவிட்டார். பால் அடிப்பிடித்து, தெருவே நாறியது. அவருடைய மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவர், கிண்டுகிற நீளக் கரண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய மொபெட்டில் ஏறிப் போய் இறங்கினார். அங்கே லாரி வருகிற காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. கேமராவாவது மண்ணாங்கட்டியாவது! நேராக நடுவில் புகுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கரண்டியை ஓங்கி, வைது தீர்த்துவிட்டார். டைரக்டருக்கு அது பிடித்துப்போய்விட்டது. வசவை எடுத்துவிட்டு மேளச் சத்தத்தைப் போட்டு, படத்தில் அப்படியே வைத்துவிட்டார். மொத்தம் பதினோரு விநாடி.

படம் வந்த பிறகு மதினிக்கு ஊரில் கிடைத்த பெயர் "கரண்டி நடிகை". புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியேறினால் முன்னால் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மதினி பாதிப் படியில் நின்று, "அந்தக் கருமத்த என் கண்ணால பாக்கவே மாட்டேன்" என்று மலையைப் பார்த்துச் சொன்னதுதான். பிறகு பார்க்கவே இல்லை.

அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. மதினி அந்தப் பதினோரு விநாடியை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

தேடினேன். படம் இருந்தது. அவர் மட்டும் போனில் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார், கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். மதினியிடம் நீட்டினால், "எறும்பு ஊருத மாதிரி தெரியுது, தூர வையுங்க" என்று தள்ளிவிட்டார். வீட்டு டிவியில் போட்டுக் காட்டலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. மறுமாதம் முதல் தேதி படத்தைக் காணவில்லை.

மனுஷன் ஆடிப்போய்விட்டார். என் போனைப் பிடுங்கி அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண், மிகவும் மரியாதையாகச் சொன்னது. "சார், அந்தப் படத்துக்கான உரிமம் முடிஞ்சுடுச்சு. நீங்க எங்க சொந்தத் தயாரிப்புகளைப் பார்த்து மகிழலாம்."

"உங்க சொந்தத் தயாரிப்புல எம் பொண்டாட்டி இருக்காளாம்மா?"

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னது: "செக் பண்ணிச் சொல்றேன் சார்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கியதோ என்னவோ, மறுநாள் அண்ணாச்சி தெளிந்திருந்தார். கடைக் கண்ணாடி அலமாரி முன்னால் என்னை நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"இங்க பாருங்க தம்பி. பால்கோவா நானே கிண்டுதது. சேவு சாத்தூர்ல இருந்து வாங்கி வைக்கது. சேவுக்கு வாரவன் கோவாவையும் பாப்பான், வாங்குவான். நாளைக்கே சேவுக்காரரு 'ஒனக்கு இனி இல்ல, எதுத்த கடைக்குத்தான்'னு சொன்னா, நான் என்ன செய்ய முடியும்? தட்டு காலி. ஆனா என் கோவாவ எவன் தூக்கிட்டுப் போவான்? இவனுகளும் அதே யாவாரந்தான். தொடர் அவனே கிண்டுனது, எப்பவும் கெடக்கும். பழைய படம் பூரா சேவு. பேசுன நாள் முடிஞ்சா எந்தக் கடைக்குப் போகும்னு ஆருக்கும் தெரியாது." ஒரு பெருமூச்சு விட்டார். "எம் பொண்டாட்டி சேவுல மாட்டிக்கிட்டா தம்பி."

ஆபீஸில் எத்தனையோ பேர் இந்த விஷயத்தை எனக்கு விளக்கியிருக்கிறார்கள். இப்படி யாரும் விளக்கவில்லை. அந்தப் படத்தை எங்காவது பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். முறைத்தார். "சாத்தூர்க்காரரு சேவ நான் டப்பால ஒளிச்சு வச்சு என் சேவுன்னு சொல்லுவனா? என்ன பேச்சு பேசுதீக!"

அதற்குப் பிறகுதான் அவருக்கு முழுப் பைத்தியம் பிடித்தது. நாலு மாதம் கழித்து லாரிப் படம் வேறொரு கடையில் முளைத்தது. அங்கே சந்தா கட்டினார். அங்கிருந்தும் போனது. பிறகு இன்னொன்றில் வந்தது. எந்தப் படம் எந்தக் கடையிலிருந்து எந்தத் தேதியில் போகிறது என்று எல்லாவற்றையும் விசாரித்து, லேபிள் அடித்துக் கடைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டினார். பால்கோவா வாங்க வந்தவர்கள் தேதி பார்த்துப் படமும் பார்த்தார்கள்.

ஆனால் மதினி? கடையை ஒட்டிய வீட்டில் டிவி அவருடைய ஆட்சி. அந்தக் கம்பெனியே எடுத்த ஒரு தொடர், அதில் ஒரு மாமியாரும் மூன்று மருமகள்களும் ஒரு கிணறும். முடிவே கிடையாது.

"ஏட்டி, இது அவன் சொந்தமா எடுத்தது. எங்கயும் போகாது. போறத மொதல்ல பாரு!"

"போகாததத்தான் நிம்மதியா பாக்க முடியும்" என்பார் மதினி, திரும்பாமலே. "நீங்களுந்தான் எங்கயும் போகாம இங்கனயே கெடக்கீக. ஒங்கள நான் தெனம் பாக்கலையா?"

அண்ணாச்சி கடைக்குப் போய் இன்னொரு லேபிள் அடித்தார். 

போன வருஷம் லாரிப் படம் மறுபடி வந்தது. கூடவே அண்ணாச்சிக்கு ஒரு பயமும் வந்தது. "இந்தத் தடவ முப்பதாம் தேதி போகுது. இதுக்கு மேல இதை எவனும் வாங்க மாட்டான்னு பேசிக்கிடுதாக தம்பி. இதுதான் கடைசி." அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "லாரிப் படம்னு மட்டும் ஒட்டாதீங்க, படத்தோட நெசப் பேரையும் சேத்து அடிங்க, நாலு பேரு பாக்கட்டும்" என்றேன். அப்படியே ஒரு கட்டு அடித்து, பால்கோவா லேபிள் கட்டுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார்.

அந்த வாரம் ராஜபாளையத்தில் ஒரு பெரிய வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பால்கோவா ஆர்டர். லேபிள் ஒட்டியது மதினி. கண்ணாடி போட்டுக்கொள்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மறுநாள் போன் வந்தது. மாப்பிள்ளையின் மாமா, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குரல் பரேடு மைதானத்திலிருந்து வருவது போல இருந்தது.

"ஹலோ! டப்பால 'முப்பதாம் தேதிக்குள் பார்க்கவும்'னு போட்டிருக்கு. பால்கோவாவ எதுக்குய்யா பாக்கணும்? திங்கக் கூடாதா?"

அண்ணாச்சி போனைப் பிடித்தபடி கடைக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்" என்று ஒட்டியிருந்தது.

மானம் போயிற்று, கல்யாண ஆர்டரும் போயிற்று என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் ஒரு கார் வந்து நின்றது. அந்த வீட்டுப் பெண்கள் ஐந்து பேர். இறங்கும்போது தங்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தவர்கள், மதினியைப் பார்த்ததும் வாயை மூடினார்கள். அதில் மூத்தவர் கிட்டே வந்து, "நீங்கதான அது?" என்றார்.

"எது?" என்றார் மதினி. கையில் கரண்டி.

"அய்யோ, நீங்களேதான்! டப்பால என்னமோ படத்துப் பேரு போட்டிருக்கேன்னு வீட்டுல எல்லாரும் ஒக்காந்து படத்தப் பாத்தோம். அந்த எடத்த மட்டும் நாலு தடவ போட்டோம். எங்க வீட்டு ஆம்பளைகளுக்கும் இப்படி ஒரு கரண்டி வேணும். எம்புட்டு லட்சணமா இருக்கீக அதுல!"

மதினி இருபத்தைந்து வருஷமாகக் கேலியை மட்டுமே கேட்டவர். ஆளுக்கு ஒரு துண்டு சூடான பால்கோவா கொடுத்து அனுப்பினார். அவர்கள் போன பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "முப்பதாம் தேதி சாயங்காலம் பாப்போம்" என்றார். அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். 

முப்பதாம் தேதி விடிந்தது. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து மணி வரை. அண்ணாச்சி இதற்கு மட்டும் தேதி ஒட்ட மறந்துவிட்டார். நான் அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தேன். ஐந்து அடித்தது, கரண்ட் வரவில்லை. ஐந்தரைக்கு வந்தது. இன்டர்நெட் பெட்டி சிவப்பாகக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. அது பச்சையானதும் டிவி, தனக்கு இப்போதே அப்டேட் வேண்டும் என்று அடம்பிடித்தது. அண்ணாச்சி டிவியைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார். "வேண்டாம், நாளைக்கு எம்புட்டு வேணும்னாலும் செஞ்சுக்கோ!"

ஒருவழியாகப் படம் வந்தது. அந்த இடத்துக்கு ஓட்டினேன். மதினி புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணாச்சி டிவியைப் பார்க்கவில்லை, மதினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புளிய மரம். லாரி. கரண்டியோடு ஒரு சின்னப் பெண் புயலாக நுழைகிறாள். மேளம் அடிக்கிறது. பதினோரு விநாடி.

 "இன்னொரு தடவ போடுங்க தம்பி" என்றார் மதினி. போட்டேன். எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். விரல் வைத்தது தன்மேல் இல்லை. இடது ஓரம், கூட்டத்தில் ஒரு முகம்.

"நிப்பாட்டுங்க. இந்தாருங்க, இது ஆரு?"

கூட்டம் மொத்தமும் லாரியைப் பார்க்கிறது. கழுத்தில் துண்டு, தலை நிறைய முடி, ஒரே ஒரு ஆள் மட்டும் கரண்டியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அண்ணாச்சி கிட்டே போய்க் குனிந்தார். "நான் கேமராவுக்குப் பின்னாடில்லா நின்னேன்..."

"நூறு தடவ பாத்தேன்னீக. ஒங்கள நீங்களே பாக்கலையாக்கும்?"

"நான் ஒன்னையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அண்ணாச்சி.

மதினி கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். எனக்கும் துடைக்க ஏதாவது இருந்தால் தேவலை போலிருந்தது. "வையிறவளப் பாத்து இம்புட்டுச் சிரிப்பா?" என்று சொல்லி உட்கார்ந்தவர், "அன்னைக்குத் தலையில எம்புட்டு முடி!" என்றார். ஏழு தடவை போட்டோம். எட்டாவது தடவை ஓடும்போதுதான் கடைக்குப் பின்பக்கத்திலிருந்து அந்த வாடை வந்தது.

பால் அடிப்பிடித்துவிட்டது.

மதினி பாய்ந்து எழுந்தார். அடுத்த நிமிஷம் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று பிடிபிடியென்று பிடித்தார் பாருங்கள், மேளச் சத்தம் மூடி மறைத்தது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதை இங்கே எழுத முடியாது. அண்ணாச்சி அசையாமல் நின்றார். தலையில் முடி இல்லை, கழுத்தில் துண்டு இருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு.

மறுநாள் லாரிப் படம் போய்விட்டது. இன்று வரை எந்தக் கடையிலும் காணோம். அண்ணாச்சி தேடச் சொல்லி ஒரு தடவைகூடப் போனை நீட்டவில்லை. லேபிள் மெஷின் மட்டும் ஓயவில்லை. நாற்காலி, குடை, தராசு, என் புதுச் செருப்பு, எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. அந்தக் கரண்டியை எடுத்து நான் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் மட்டும் அவர் எதுவும் ஒட்டவில்லை.