மினி லாரியில் வந்த ஓரத்தம்மன்

எந்தப் பொருளுக்கும் நடுப்பகுதி என்று ஒன்று தேவையே இல்லை என நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே தகரக் கூரையின் கீழ் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, இன்றைக்கும் நான் புத்தி தெளிவாக இருக்கிறேன் என்றால் அது என் மன உறுதியைத்தான் காட்டுகிறது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகிற சாலையில் எங்கள் பட்டறை. வீடுகளுக்கு வார்ட்ரோப், சமையலறை அலமாரி எல்லாம் செய்து தருகிற இடம். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கமாகப் பட்டத்தோடு வெளியே வந்த முதல் ஆள் நான்தான். இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

அவர் வேலை, பலகைகளின் ஓரத்தில் பட்டை ஒட்டிச் சீவி விடுவது. அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டறைக்கே அவர் ‘ஓரம்’. வயதில் மூத்தவர் என்பதால் நான் மட்டும் ‘ஓரம் அண்ணா’ என்பேன்.

வெனீர் என்கிற மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகையை அறுத்தால் அறுத்த வாய் அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்க, நாடா மாதிரி மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டுவார்கள். பட்டை பலகையைவிடச் சற்று அகலம். அதனால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலைச் சீவ ஒரு கைக்கருவி உண்டு. டிரிம்மர் என்பார்கள். ஒரு சோப்பு டப்பாவை நடுவில் பிளந்து, ஸ்பிரிங் வைத்துச் சேர்த்து, உள்ளே இரண்டு பிளேடை ஒளித்து வைத்தது போல இருக்கும். பலகையின் ஓரத்தைக் கவ்வ விட்டு, இரு பக்கமும் அமுக்கி, ஒரே இழுப்பு. பட்டை இரண்டு பக்கமும் சுருள் சுருளாகக் கழன்று விழும்.

அண்ணன் தன் டிரிம்மரைக் கைக்குழந்தைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாவுக்குள் வைத்திருந்தார். சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வழியெல்லாம் குல்லா மடியில் இருக்கும். குல்லாவைப் பார்த்து யாராவது எழுந்து இடம் கொடுத்தால், மறுக்காமல் உட்கார்ந்துகொள்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் முதல் படத்தைப் பெருமையாகத் திரையில் திறந்து வைத்திருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

“இது இன்னாம்மா?”

“வார்ட்ரோப் அண்ணா. முன்னாடி நின்னு பாத்தா இப்டி இருக்கும்.”

“முன்னாடி எவன் நிப்பான்? ஓரத்த காட்டு.”

காட்டினேன். திரையில் அது வெறும் ஒரு கோடு. அதையே வெகுநேரம் ரசித்துவிட்டு, “நல்லா வரையிற. நடுவுல இருக்கறதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே போய்ச் சிரித்தேன். யாரோ என்று விலகிப் போனார். கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் பின்னாலிருந்து குரல் வந்தது. “அட, டிசைன் பொண்ணா? காத பாத்தாதான்மா தெரியுது.”

தோசை வந்தால் முறுகலான ஓரத்தை வட்டமாகப் பிய்த்துத் தின்று முடிப்பார். நடுவில் மீந்ததை, வழி தவறி வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளி, “துன்னு” என்பார். பட்டறையில் மீந்த பட்டையெல்லாம் அவருடைய டிபன் டப்பா மூடிக்கும், செருப்புக்கும், ஹெல்மெட்டுக்கும் போனது. ஒருநாள் சித்தூரில் போலீஸ்காரர் அவர் பைக்கை மடக்கி லைசென்ஸ் கேட்டிருக்கிறார். இவர் கொடுத்த அட்டைக்கு நான்கு புறமும் தேக்கு நிறத்தில் சட்டம் போட்டிருந்தது.

“ஏமய்யா இதி? லைசென்ஸா, சாமி படமா?”

“மூலை மடங்குது சார்.”

போலீஸ்காரர் அட்டையைத் தடவிப் பார்த்தார். அபராதம் போடவில்லை. தன் பையிலிருந்த அடையாள அட்டையை எடுத்து, இதற்கும் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

ஆனால் எங்கள் முதலாளிக்குத் தலைவலி கொடுத்தது அண்ணனின் கன்னம். சீவி முடித்த ஓரத்தை எல்லோரும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். அண்ணன் விரலை நம்பமாட்டார். பலகையின் மேல் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, மேலிருந்து கீழ்வரை மெதுவாக இழைத்துக்கொண்டே வருவார். ஒருமுறை வாடிக்கையாளர் அம்மா ஒருவர் தன் வார்ட்ரோபைப் பார்க்க வந்து, இதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏமண்டி, ஆயனெந்துக்கு நா பீருவாக்கி முத்து பெடுதுன்னாரு?”

தன் பீரோவுக்கு எதற்கு முத்தம் கொடுக்கிறார் என்று கேட்கிறார். முதலாளி அசரவில்லை. “குவாலிட்டி செக்கிங் மேடம்” என்றார்.

அந்தக் கன்னத்துக்கும் ஒரு சோதனை வந்தது. மலைக்கு முடி கொடுப்பதாக அண்ணனின் மனைவி வேண்டிக்கொள்ள, அண்ணன் தாடி வளர்க்க வேண்டியதாயிற்று. தாடியில் ஓரம் தெரியவில்லை. பைத்தியம் பிடித்தவர் போல அலைந்தார். கணக்குப் பிள்ளையின் கன்னத்தைக் கடன் கேட்டார். என்னையும் கேட்டார். நான் படித்தவள், மறுத்துவிட்டேன். கடைசியில் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தாரே, அப்போதுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இப்போது அவருக்குத் தலை முழுக்கக் கன்னம். அந்த வாரம் பட்டறையிலிருந்து போன அத்தனை வார்ட்ரோபிலும் சந்தன வாசம் அடித்தது. ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, இதே வாசனை மரத்தில் இன்னொன்று வேண்டும் என்றார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் மானம் போய் மாட்டிக்கொண்டது.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வீடு கட்டி முடித்திருந்தோம். அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்தது ஒரு கூரை வீடு மட்டும்தான். அம்மாவிடம் இருந்த ஒரே பட்டுப்புடவை அவர் கல்யாணப் புடவை. அத்தனை வருடமும் அது தகரப் பெட்டியில் கிடந்தது. பெட்டியின் துருப்பிடித்த வாய் ஒருமுறை கடித்த தழும்பு முந்தானையில் இருந்தது. பால் காய்ச்சியதும் அந்தப் புடவையைப் புது பீரோவில் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பீரோவை நானே வரைந்தேன். “எம் பொண்ணு வரைஞ்ச பீரோ வருது” என்று அம்மா ஊரில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

பால் காய்ச்ச விஜயதசமி விடியற்காலை என்று குறித்தார்கள். “பொரட்டாசில எவனாச்சும் பால் காய்ச்சுவானா?” என்றார் பெரியம்மா. புரோகிதர் தெலுங்குப் பஞ்சாங்கத்தை விரித்து, அதில் புரட்டாசியே இல்லை என்று முடித்துவிட்டார்.

பீரோவுக்கு நான் கேட்ட நிறத்துப் பட்டை சென்னையிலிருந்து வர வேண்டும். லாரி மாநில எல்லையில், தடாவில் நின்றுவிட்டது. பட்டை வந்து சேர்ந்தது ஆயுத பூஜையன்று காலையில். அண்ணன் பரபரவென்று பசை தடவி ஒட்டினார். பசை காய வேண்டுமே, காயட்டும் என்று டிரிம்மரைப் பலகைமேல் வைத்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போனார்.

சுண்டலோடு திரும்பி வந்தபோது டிரிம்மர் குளித்து முடித்திருந்தது. முதலாளியின் மனைவி அதைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தோடு ஒரு தட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். கற்பூரமும் காட்டியாகிவிட்டது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. எங்கள் முதலாளி மற்ற எல்லாவற்றிலும் விட்டுக் கொடுப்பார், இதில் மாட்டார்.

பீரோவோ அன்று மத்தியானமே வண்டி ஏற வேண்டும். பட்டை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற சேவல் மாதிரி நின்றது. எனக்கு முந்தானைத் தழும்புதான் கண்ணில் ஆடியது.

“சார், இது ஆயுதமே இல்ல சார். சீப்பு மாதிரி” என்று அண்ணன் வாதாடினார்.

“பொட்டு வெச்சாச்சு கதா. பொட்டு வெச்சா ஆயுதம்தான்.”

“அந்த ஃபேனுக்குக் கூடத்தான் பொட்டு வெச்சிகீறீங்க. அது மட்டும் சுத்திக்கினு கீதே.”

முதலாளி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். எல்லோரும் அண்ணனை முறைத்தோம்.

“வேற பிளேடு வெச்சி சீவிடலாமா அண்ணா?” என்றேன்.

“வெனீர் பிஞ்சிக்கும். அப்பறம் பீரோவ காட்ட முடியாது, தொவைக்கிற கல்லாத்தான் போடணும்.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இது என்னுடைய யோசனை, பின்னாளில் அண்ணன் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை நீங்கள் நம்ப வேண்டாம். டிரிம்மரைத்தானே தொடக் கூடாது? தட்டைத் தொடலாமே? தட்டோடு எங்கள் ஊருக்குக் கொண்டு போய், காலையில் அங்கேயே மறுபூஜை செய்து எடுத்தால் என்ன?

முதலாளி தட்டைச் சுற்றி வந்து பார்த்தார். “சரி, தட்டு சாயக் கூடாது. பூ விழக் கூடாது” என்றார். படிப்பு வீண் போகவில்லை.

மினி லாரியின் முன்னால் டிரைவரோடு நான். பின்னால் பீரோவுக்கு முதுகைக் கொடுத்துச் சம்மணமிட்டு அண்ணன். மடியில் தட்டு, தட்டில் பொட்டு வைத்த டிரிம்மர். வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னாலிருந்து, “மெதுவா போப்பா, பழம் உருளுது” என்று சத்தம் வரும்.

புத்தூரில் டீக்கு நிறுத்தினோம். பூக்காரம்மா ஒருவர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள், குங்குமம், மொட்டைக்குப் பின் முடி முளைத்து வருகிற தலை, அசையாத முகம்.

“ஏ அம்மவாரு நாயனா?”

எந்த அம்மன் என்று கேட்கிறார். டிரிம்மர் என்றால் என்ன என்று விளக்க அண்ணனுக்குப் பொறுமை இல்லை. “ஓரத்தம்மா” என்றார்.

பூக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு முழம் மல்லிகையைத் தட்டில் வைத்தார். டீக்கடைக்காரர் வாழைப்பழம் கொண்டு வந்தார். பஸ்ஸுக்கு நின்றிருந்த பெரியவர் ஒருவர் வந்து, “இந்த அம்மா இன்னா வரம் குடுப்பா?” என்று கேட்டார்.

“துருத்திக்கினு இருக்கறத எல்லாம் சீவிடுவா.”

பெரியவர் தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு டிரைவரைக் கிளப்பினேன். இன்னும் சற்று நேரம் நின்றிருந்தால் அங்கேயே கோயில் கட்டியிருப்பார்கள்.

விடியற்காலை. வீடு நிறைய சொந்தக்காரர்கள். மாடு உள்ளே வந்து போனது. அடுப்பில் பால் ஏறியது. அண்ணன் தட்டோடு புரோகிதர் முன்னால் போய் நின்றார்.

“சாமி, மொதல்ல இதுக்கு ஒரு மந்திரம்.”

“இதி ஏமிட்டி?”

“சொன்னா புரியாது சாமி. வடக்கால கொஞ்சம் நகத்தி உடுங்க, போதும்.”

புரோகிதருக்கு முகூர்த்தக் கவலை. ஏதோ முணுமுணுத்துத் தட்டை வடக்கே நகர்த்தினார்; அதோடு மறுபூஜை முடிந்ததாகக் கணக்கு. அவர் விரலை எடுப்பதற்குள் அண்ணன் டிரிம்மரை எடுத்துவிட்டார்.

பீரோ கூடத்தில் நின்றது. கதவின் மேல் முனையில் டிரிம்மரைக் கவ்வ விட்டு, அமுக்கி, இழுத்தார். இரண்டு பக்கமும் பட்டை சுருண்டு இறங்கியது. அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் சுருளைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் நைனா, அதாவது அப்பா, வாயைத் திறந்தவர் மூடவில்லை. கடைசி ஓரம் முடிந்ததும் அண்ணன் கண்ணை மூடி, அத்தனை பேர் முன்னாலும் பீரோவில் கன்னத்தை வைத்து இழைத்துக்கொண்டு இறங்கினார்.

“யார்டி இவன்?” என்றார் பெரியம்மா. “நம்ம ஊட்டு பீரோவ கொஞ்சிக்கினு கீறான்.”

“குவாலிட்டி செக்கிங் பெரிம்மா” என்றேன்.

அந்த நேரம் சமையலறையிலிருந்து கருகல் வாசம். பால் பொங்கி, வழிந்து, அடுப்பையே அணைத்திருந்தது. பொங்கியதைப் பார்த்தது புரோகிதர் மட்டும்தான். “பொங்கிந்தி, பொங்கிந்தி” என்று ஆளில்லாத சமையலறையில் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா புடவையைக் கொண்டு வந்தார். தழும்புள்ள முந்தானை வெளியே தெரிய, கதவோரத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. ஒரு இழைகூடச் சிக்கவில்லை. அம்மா கதவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பந்தியில் அண்ணனின் இலையில் மட்டும் ஓரம் முறுகலான வடைகளாகப் பொறுக்கிப் போட்டார். அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அண்ணன் நாயுடுபேட்டையில் பெரிய பட்டறை ஒன்றில் இருக்கிறார். எப்போதாவது போன் செய்வார். நலமா, கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் கேட்கமாட்டார். “ஓரம் எப்டி கீது?” என்பார். “நல்லா கீது அண்ணா” என்பேன். வைத்துவிடுவார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் கண் விழித்தபோது, அம்மா பீரோக் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னாம்மா பண்ற?”

“சும்மாதான். பொடவய இழுக்குதான்னு பாத்தேன்” என்று தலையை முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனார்.

அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். வாசலைப் பார்த்தேன், யாரும் இல்லை. பிறகு நானும் போய்க் கன்னத்தை வைத்தேன்.