திட்டு வாசிக்கும் போன்

உலகத்தில் எல்லோரும் படம் எடுக்கவும் படம் பார்க்கவும் போன் வாங்குகிறார்கள். சிநேகிதன் தன்னைத் திட்டுவதைச் சொல்லுக்குச் சொல் கேட்பதற்காகவே போன் வாங்கிய ஒரே மனிதர் மாங்குளத்தில் இருக்கிறார். அவர் எங்கள் பக்கத்து வீட்டு அப்புக்காத்து அண்ணை.

அந்த யோசனை பிறந்தபோது நான் அங்கேதான் நின்றேன். ஒரு பின்னேரம் அவர்களுடைய சின்னப் பலசரக்குக் கடைக்குத் தேயிலை வாங்கப் போயிருந்தேன். அவருடைய மனைவி பவளம் அக்கா தன் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி, தர்மபுரத்து ராமையா அண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைக் கணவருக்கு வாசித்துக்கொண்டிருந்தா.

“அன்புள்ள நண்பருக்கு, நான் நலம். உங்கள் கருத்தை மதிக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.”

அப்புக்காத்து அண்ணை கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார்.

“ராமையா என்ரை கருத்தை மதிக்கிறானாம்! பிள்ளை, கேட்டியே? ஒண்டில் அவனுக்குக் கடுங் காய்ச்சல். இல்லாட்டி இது அவன் எழுதினதில்லை.”

அப்புக்காத்து என்றால் வழக்கறிஞர். இவர் கோட்டு வாசலை மிதித்ததேயில்லை. ஆனால் எதை வாங்கினாலும் குறுக்கு விசாரணை செய்துதான் வாங்குவார். ஒருமுறை குடை வாங்கப் போனவர், கடைக்காரரைக் கதிரையில் ஏற்றி, தன் தலைக்கு மேலே விரித்த குடையில் வாளியால் தண்ணீர் ஊற்றச் சொன்னார். “மழை வந்தாப் பிறகு கேள்வி கேட்டு என்ன பிரயோசனம்?” என்பது அவர் வாதம். போரின் கடைசிச் சண்டையில் அவருக்கு இரண்டு கண்ணும் போனது. கேள்வி போகவில்லை.

ராமையா அண்ணை அவருடைய பழைய கூட்டாளி. மலைநாட்டுக் குடும்பம், தர்மபுரத்தில் வயல், ஒரு உழவு மெசின். கண் போன பிறகும் அப்புக்காத்து அண்ணை அந்த மெசினின் சக்கரத்துக்கு மேலே மட்காட்டில் இருந்துகொண்டு, “வலப்பக்கம் வெட்டு, இடப்பக்கம் வெட்டு” என்று வழி சொல்லுவாராம். ஒருநாள் மெசின் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. நீ சொன்னது பிழை என்பது ராமையா அண்ணையின் கட்சி. கண் தெரியாதவன் சொல்லை நம்பித் திருப்பினது உன்ரை பிழை என்பது இவர் கட்சி. இந்த வழக்கு இருவருக்கும் இடையில் போனில் தினமும் நடந்தது. இரு பக்கமும் திட்டு மழை. முடிந்ததும் இரண்டு பேருக்கும் நல்ல பசி எடுக்கும்.

பிறகு ராமையா அண்ணைக்குத் தொண்டையில் ஒப்பரேஷன். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. அதற்குப் பிறகு அவர் எழுதி அனுப்புவார். இவர் பவளம் அக்காவின் போனில் பேசி, குரலைப் பதிவு செய்து அனுப்புவார். எழுதி வருவதை வாசித்துச் சொல்வது பவளம் அக்கா. வில்லங்கம் அங்கேதான்.

“பிள்ளை, நீ வாங்கி வாசி,” என்றார் அப்புக்காத்து அண்ணை.

போனை வாங்கினேன். பவளம் அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினா, தலையை ஆட்டினா, கும்பிடவும் செய்தா. நான் வாசித்துவிட்டேன்.

“இந்தா பாரு, என் கொரலு போனதுக்கு எரக்கப்பட்டுத்தான் நீ கொஞ்ச நாளா இப்படி நன்றி வணக்கம்னு பூசி மெழுகிப் பேசுறேன்னா, இனி எனக்கு ஒன்னும் அனுப்பாத. திட்டத் தெரியாத மடையன் எனக்குக் கூட்டாளியும் இல்ல.”

மேலே விரலால் தள்ளிப் பழைய செய்திகளைப் பார்த்தேன். எருமை, விசரா, மடைச்சாம்பிராணி என்று மலைநாடும் வன்னியும் கலந்த வசவுகள் வரிக்கு வரி கிடந்தன. அத்தனையும் பவளம் அக்காவின் வாய்க்கு வந்தபோது “அன்புள்ள நண்பருக்கு” ஆகியிருக்கின்றன. நண்பன் இப்படித் திடீரென்று மரியாதையாகிவிட்டானே என்று இவரும் மரியாதையாகப் பதில் பேசியிருக்கிறார். அதை அங்கே அவர் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பிலை பிள்ளையளுக்குத் தேவாரம் சொல்லிக் குடுக்கிற வாய் இது,” என்றா பவளம் அக்கா அழாக்குறையாக. “இந்த வாயாலை அந்தக் கண்டறியாத சொல்லெல்லாம் என்னெண்டு வாசிக்கிறது?”

“இஞ்சேருமப்பா, உம்மை நான் பிழை சொல்லேல்லை,” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீயும் ஒரு சொல்லை விழுங்கினனி. மடையனுக்கு முன்னாலை ஒண்டு இருந்தது. உன்ரை மூச்சு தடைப்பட்டது.”

இருந்தது. விழுங்கித்தான் இருந்தேன்.

“இப்பவே ரெண்டு திட்டுத் திட்டி அனுப்புங்கோவன் அண்ணை. பிரச்சினை முடிஞ்சுது.”

“அதெப்பிடி? கேட்டவன் சொன்ன சாட்சி வழக்கிலை எடுபடாது. அவன் எழுதினதை நான் நேரை கேக்கோணும். இடையிலை மனிசர் இருக்கக்கூடாது. அப்பிடி வாசிக்கிற போன் இருக்கோ?”

இருக்கிறது என்றேன். கணினி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த எனக்கு, தொட்டால் வாசித்துச் சொல்லும் போன்களைப் பற்றிப் பேச இவ்வளவு நாளும் ஒருவரும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலை, போன் வாங்கப் போன பஸ்ஸில் அனேகமாக எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லி முடித்துவிட்டேன். கிளிநொச்சி வந்தது.

போன் கடையில் விற்பனையாளர் கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு போனை எடுத்து அவர் கையில் வைத்தார். அப்புக்காத்து அண்ணை தடவினார், தட்டினார், காதில் வைத்தார், மணந்தும் பார்த்தார்.

“தம்பி, இது செத்துப்போச்சு.”

“அது பொம்மை அண்ணை. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. சும்மா காட்டுறதுக்கு வைச்சிருக்கிறம்.”

“காட்டுறதுக்கோ? எனக்கோ?”

விற்பனையாளர் சிவந்துபோய் உண்மையான போன்களை எடுத்துப் பரப்பினார். வாய் மட்டும் பழக்கதோசத்தில் ஓடியது. “இது கமரா நல்ல கிளியர் அண்ணை. முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு மூண்டு.”

“எனக்கு முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. நாலு கண்ணை வைச்சுக்கொண்டு அது என்ன செய்யும்?”

சில போன்கள் கமராவில் பார்த்த எழுத்தை வாசித்துச் சொல்லும் என்று நான் இடையில் விழுந்து சொன்னேன். அவர் தலை நிமிர்ந்தது. “அப்ப பால்மாப் பெட்டியிலை திகதி முடிஞ்சுதோ எண்டு சொல்லுமோ?” என்று அதிலும் ஒரு விசாரணை நடந்தது.

நான் மூன்று போன்களில் வாசிக்கும் வசதியைத் திறந்துவிட்டேன். அந்த வசதியில் ஒருமுறை தொட்டால் போன் பெயரை மட்டும் சொல்லும். இரண்டுமுறை தட்டினால்தான் வேலை செய்யும். கண் தெரிந்தவர்களுக்கு இது தெரியாது. பக்கத்தில் வேறொரு வாடிக்கையாளர் வந்து அதில் ஒன்றைக் கேட்க, விற்பனையாளர் எடுத்துத் தொட்டார். போன் கதைத்தது. மறுபடி தொட்டார். மறுபடி கதைத்தது. விரலால் இழுத்தார், அசையவில்லை. முதலாளி வந்து தட்டினார். அவருக்கும் அது தட்டின இடத்தின் பெயரைச் சொன்னது.

“வைரஸ் ஏறிட்டுது போல,” என்றார் முதலாளி.

“இஞ்சை தாங்கோ,” என்று அப்புக்காத்து அண்ணை கையை நீட்டினார். பஸ்ஸில் என் போனில் பழகியதுதான். இரண்டு தட்டு. போன் பணிந்தது. “கண் தெரிஞ்சவையளுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான். பழகப் பழகச் சரிவரும்,” என்று முதலாளிக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு தொடங்கியது உண்மையான தெரிவு. ஒரு போனில் கைரேகை வைக்கும் இடம் திரைக்கு உள்ளே. “வழுவழுத்த கண்ணாடியிலை எந்த இடமெண்டு நான் தேடுறது? பக்கத்திலை பொத்தானா வேணும்.” அது போனது. இன்னொன்று தொட்டுக் கொஞ்சம் பொறுத்துத்தான் கதைத்தது. “இவ யோசிச்சு யோசிச்சுக் கதைக்கிறா. எனக்குச் சரிவராது.” அதுவும் போனது. காதுக்குள் வைக்கும் வயர் பூட்ட ஓட்டை இருக்கவேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. காரணத்தைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “வீட்டிலை தேவாரம் படிக்கிற மனிசி இருக்கிறா.”

கடைசிச் சோதனைக்கு அவர் ராமையா அண்ணையின் பழைய செய்தி ஒன்றை எழுதச் சொன்னார். எழுதினேன். மிச்சமாயிருந்த போன் முதலில் தமிழைக் கண்டு வாயே திறக்கவில்லை. தமிழ்க் குரலை இறக்கிப் போட்டேன். அவர் விரலை வைத்தார். செய்தி வாசிக்கும் பெண்ணின் தெளிவான, இனிமையான குரலில் கடை முழுக்கக் கேட்டது:

“டேய் மடைச்சாம்பிராணி. உன் மூளையை வாய்க்கால்ல விட்டுட்டியா.”

கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அப்புக்காத்து அண்ணை அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்தார். கோயிலில் திருநீறு வாங்குகிறவரைப்போல நின்றார்.

“ஒரு சொல்லும் விழுங்கேல்லை,” என்றார். “இதைக் கட்டித் தாங்கோ.”

அன்று பின்னேரம், சேர்ந்து கிடந்த செய்திகள் அத்தனையையும் பவளம் அக்காவின் போனிலிருந்து இதற்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் காதில் வயரைப் பூட்டிக்கொண்டு தனியே இருந்து கேட்டார். நடுநடுவே தொடையில் அடித்துச் சிரித்தார். ஓர் இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு அதே செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எது என்று எனக்குத் தெரியும்: நான் வாசித்த அந்தக் கடைசிச் செய்தி. முடிந்ததும் தொண்டையைச் செருமி, பதிவுப் பொத்தானை அமத்தி, ராமையா அண்ணையை ஒரு பாட்டம் திட்டி அனுப்பினார். இரக்கத்தின் சாயல்கூட அதில் இல்லை. பவளம் அக்கா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

பதில் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்புக்காத்து அண்ணை கடையில் ஆட்களிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். சீனி கேட்டவருக்குச் சீனி கொடுத்தார், அவ்வளவுதான். ஊருக்கே அது பயத்தைக் கொடுத்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் போனில் திரையை முழுதாக இருட்டாக்கி வைத்துக்கொண்டு பாவிக்கலாம். நான் அதைக் காட்டிக்கொடுத்ததும் அவருக்குப் பெரிய சந்தோஷம். “நான் பாக்காத வெளிச்சத்துக்கு ஏன் பற்றரி?” என்று நிரந்தரமாக இருட்டாக்கிவிட்டார். பவளம் அக்காவுக்கு இதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு காலை அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போது அவா போனை எடுத்துப் பார்த்திருக்கிறா. கன்னங்கரேலென்று கிடந்தது. ஓகோ, போன் செத்துத்தான் ராமையாவின் பதில் வரவில்லை, அந்த மனிசன் அறிய முன்னம் திருத்திப்போடுவம் என்று வயரோடு தூக்கிக்கொண்டு சந்தியில் இருக்கும் திருத்துமிடத்துக்கு ஓடிவிட்டா.

போனைக் காணவில்லை என்று அப்புக்காத்து அண்ணை என்னைக் கூப்பிட, பவளம் அக்கா போன திசையை ரோட்டில் நின்றவர்கள் சொல்ல, நாங்கள் இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தோம். திருத்துகிறவர் தீர்ப்பை அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டிஸ்பிளே முற்றாப் போட்டுது அக்கா. கழட்டித்தான் பாக்கோணும்.”

“கழட்டாதேங்கோ!” என்று நான் கத்தவும், அவர் கழற்றுவதற்கு வசதியாகக் காது வயரை இழுத்து எடுக்கவும் சரியாக இருந்தது. வயர் போனதும் செத்த போன் வாய் திறந்து, அப்போதுதான் வந்த செய்தியை அனுப்பியவர் பெயரோடு வாசித்தது.

“ராமையா. டேய் எருமை. இவ்வளவு நாள் எங்கடா போய்த் தொலைஞ்ச. ஒன் பேச்சக் கேட்டதும்தான் சோறு எறங்குச்சு. சேத்து வச்ச திட்டெல்லாம் ஒன்னா எழுத வேணாமா, அதான் பதில் அனுப்ப நாளாகிருச்சு. இப்ப கேட்டுக்க.”

பிறகு தொடங்கியது. செய்தி வாசிக்கும் பெண் நிறுத்தாமல் வாசித்தா. திருத்துகிறவர் போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். பவளம் அக்கா காதைப் பொத்தினா. திரையை இரண்டு விரலால் தட்டினால் நிற்கும் என்பது அப்புக்காத்து அண்ணைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் தட்டிவிடாமல் இருக்க.

நடுவில் ஒரு சொல் வந்தபோது பவளம் அக்கா காதிலிருந்து கையை எடுத்தா.

“இஞ்சேருங்கோ, இது புதுசு,” என்றா. “இவ்வளவு நாளும் எழுதினதிலை இந்தச் சொல்லு இருக்கேல்லை.”

அப்புக்காத்து அண்ணை சிரித்த சிரிப்பில் சந்தியில் நின்ற பஸ்காரர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே திருத்துகிறவரின் தொழில், படிப்பு, கழற்றும் ஆயுதங்கள் பற்றி என்னிடம் பதினெட்டுக் கேள்வி கேட்டார். ஊருக்கு நிம்மதி.

இப்போது அவருக்குப் புதுக் கவலை. ராமையா அண்ணையின் திட்டு இந்தப் பெண்ணின் குரலில் வருவது பொருந்தவில்லையாம். “நாதஸ்வரத்திலை சண்டை பிடிக்கிற மாதிரி இருக்குது.” குரலின் தடிப்பையும் வேகத்தையும் மாற்றலாம் என்றேன். முந்தாநாள் பின்னேரம் முழுக்க அதுதான் வேலை. “இன்னும் கீழை. இன்னும். கொஞ்சம் அவசரம் கூட்டு. அவன் வசனத்தின்ரை கடைசியிலை மூச்சுவாங்குவான், அது வருமோ?” வராது. ஓர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இது அவன் இல்லை,” என்றார். “ஆனா அவன்ரை சொந்தக்காரன் ஆரோ.”

வாற ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் தர்மபுரம் போகிறோம். எழுதியதைச் சத்தமாகப் பேசும் வசதியை ராமையா அண்ணையின் போனில் பூட்டிப் பார்க்கப் போகிறேன். மேசையில் இரண்டு பேரும் நேருக்கு நேர் இருந்து திட்டிக்கொள்ள முடிகிறதா என்று பரிசோதனை. எத்தனை வகைக் குரல் கிடைக்கும் என்று நேற்றிரவே தேடி எடுத்துவிட்டேன். பவளம் அக்கா அறநெறி வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டா.

“குரலை ராமையா அண்ணை தானே தெரிவுசெய்யட்டும் அண்ணை,” என்றேன். “அவருக்குத்தானே குரல்.”

அப்புக்காத்து அண்ணை இல்லையென்று தலையை ஆட்டினார்.

“நானும் பக்கத்திலை இருக்கோணும் பிள்ளை. அவன் கதைச்சிட்டுப் போயிடுவான். இனிக் காலம் முழுக்க அந்தக் குரலைக் கேக்கப் போறவன் நான்.”