முறுக்கு டப்பாவுக்குள் பேசி முடித்த சம்பந்தம்

சிவப்புப் பொத்தானைத் தயங்காமல் அமுக்குகிறவர்கள் ஒன்று படித்தவர்களாக இருக்க வேண்டும், இல்லை துணிந்தவர்களாக இருக்க வேண்டும். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். துணிச்சல் அதற்கும் முன்பே போய்விட்டது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ரயிலில் அபாயச் சங்கிலி சிவப்பு. கேஸ் சிலிண்டர் சிவப்பு. ஊரில் சிவப்பாக இருப்பதெல்லாம் "கையை எடு" என்கிறது. செல்போனைச் செய்த புண்ணியவான் மட்டும், பேசி முடித்தால் அமுக்க வேண்டிய பொத்தானுக்குச் சிவப்பு அடித்து, அதன்மேல் குப்புறப் படுத்த ஒரு ரிசீவரை வரைந்து வைத்திருக்கிறார். (காரைக்காலில் என் பைக் கடைக்கு வரும் பிள்ளைகள் ரிசீவரைக் கண்ணால் கண்டதில்லை. அது வாழைப்பழம் என்று ஒருவன் எனக்கே விளக்கினான்.) அமுக்கினால் பேச்சு மட்டும் நிற்குமா, போனே போய்விடுமா என்று எனக்குப் பயம். அதனால் எதிராளி வைக்கும்வரை காத்திருந்து, திரை கறுத்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருநாள் டீக்கடையில் முட்டி வலி என்று சொன்னேன். வீட்டுக்கு வருவதற்குள் போனில் முட்டித் தைல விளம்பரம் வந்து நின்றது. அன்றிலிருந்து வீட்டில் அந்தரங்கமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் போனை எவர்சில்வர் முறுக்கு டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவேன். (முறுக்கோடு சேர்த்துத்தான். பேசுகிற விஷயத்துக்காக முறுக்கை வெளியே கொட்ட முடியுமா?)

இந்த இரண்டு பழக்கமும் ஒரே நாளில் சந்தித்துக்கொண்டன.

வாப்பா காலமான பிறகு தங்கை ஷமீமாவின் கல்யாணம் என் பொறுப்பு. குவைத்தில் பெற்றோரோடு இருக்கும் ரியாஸ் என்ற பையன் வீட்டிலிருந்து வீடியோவில் பார்க்கிறோம் என்றார்கள். நல்ல இடம். இது தட்டிப்போனால் என் வாயால்தான் போகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் சாயங்காலம் அஸர் தொழுததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு அருமையாகப் போனது. இரண்டு பக்கமும் ஸலாம் சொல்லி, "சரிங்க, வெச்சிடுங்க", "இல்லங்க, நீங்க வைங்க" என்று மரியாதைப் போட்டி நடந்தது. திடீரென்று திரை கறுத்தது. அவர்கள் வைத்துவிட்டார்கள். உடனே போனை டப்பாவுக்குள் போட்டு, மூடியை அழுத்தி, நடுக்கூடத்தில் வைத்தேன்.

"இப்ப பேசுங்க" என்றேன்.

கோட்டுச்சேரியிலிருந்து வந்திருந்த மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். "பையன் நல்லாத்தான் இருக்கான். ஆனா நெத்தி எங்க முடியுது, தலை எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடு போட்டுக் காட்டுனா தேவலை."

"பையனோட உம்மா ஒரு தடவகூட சிரிக்கலையே" என்றார் உம்மா. "பல்லு இருக்கா இல்லையான்னே தெரியல."

எனக்கு வேறு கவலை. "பின்னாடி ஃபிரிட்ஜைப் பாத்தீங்களா? ரெண்டு கதவு! மூணு பேர் இருக்கிற வீட்டுல ரெண்டு கதவு எதுக்கு? எதையோ ஒளிக்கிறாங்க உம்மா."

"ஃபிரிட்ஜுல என்னத்த நானா ஒளிப்பாங்க?" என்றாள் ஷமீமா. (எங்கள் பக்கம் அண்ணனுக்கு நானா என்று பெயர்.)

"அது தெரிஞ்சா நான் ஏன் பயப்படப்போறேன்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. நெத்தியோடவே புடிச்சிருக்கு. ஆனா எங்க போனாலும் நான் டீச்சர் வேலைய விடமாட்டேன். அதை நீதான் கேட்டுச் சொல்லணும்."

நான் டப்பாவின் மூடியை இன்னொரு தடவை அழுத்தினேன். "கேட்டா சம்பந்தமே போயிடும் புள்ள! கல்யாணம் முடியட்டும், நைசா சொல்லிக்கலாம்."

"அப்ப எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்."

அப்போதுதான் முறுக்கு டப்பா இருமியது.

உம்மா "யா அல்லாஹ்" என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். மாமா எழுந்து, பாதுகாப்பாக, என் பின்னால் நின்றார்.

"தம்பி" என்றது டப்பா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. "நாங்க இன்னும் வைக்கலங்க."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்கூட எங்கள் வீட்டில் சிக்னல் வராது. அன்றைக்கு எவர்சில்வரைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. பொண்ணு வீட்டுக்காரர்கள் வைப்பதற்கு முன்னால் தாங்கள் வைத்தால் மரியாதையாக இருக்காது என்று, மாப்பிள்ளையின் தாயார் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு காத்திருந்தாராம். நான் திரையில் பார்த்த கறுப்பு அவருடைய புடவை.

மூடியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. ஷமீமாதான் திறந்தாள். போன் கண்ணாடியெல்லாம் முறுக்குத் தூள். அதற்கு நடுவே அந்த அம்மா வாயைப் பெரிதாகத் திறந்து, மேல்வரிசை கீழ்வரிசை இரண்டையும் காட்டினார்.

"பல்லு சரியா இருக்காங்க?" என்று உம்மாவிடம் கேட்டார். உம்மா அவசரமாகத் தலையை ஆட்டினார்.

பின்னாலிருந்து ரியாஸின் குரல் கேட்டது. "வேலைக்குத் தாராளமாப் போகட்டும்ங்க. நானே கேக்கணும்னு இருந்தேன். இந்த நெத்தி விஷயத்துலதான் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஷமீமா சிரித்தாள். அங்கேயும் சிரித்தார்கள். நான் மட்டும் "ஃபிரிட்ஜ்..." என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. ஷமீமா இப்போது குவைத்தில் பாடம் எடுக்கிறாள். ஆனால் நான் வீடியோவில் வந்தால் அவளுடைய மாமியார் ஸலாம் சொன்ன கையோடு போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார். ஃபிரிட்ஜின் இரண்டு கதவையும் திறந்து, தட்டுத் தட்டாகக் காட்டி, "பாத்துக்கிட்டீங்களா தம்பி? இப்ப பேசலாமா?" என்கிறார். பின்னால் மொத்தக் குடும்பமும் உருண்டு புரளும்.

சிரித்துக்கொண்டேதான் நானும் பார்க்கிறேன். நேற்று கீழ்த்தட்டு மட்டும் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை காட்டச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.