மேக் ரெண்டு, குட்டியோட

ஸ்டுட்கார்ட் நகரத்தில் கணவர் டீட்டருடன் சௌக்கியமாக இருக்கும் என் தங்கை ரவிவானுக்கு, நகோன் சவானிலிருந்து அக்கா லம்துவன், முதலில் புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளைக் கும்பிட்டு, பிறகு பேனாவைத் தொட்டு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் பிரயூனும் நலம். பாங்காக்கில் என் பெண்கள் இரண்டு பேரும் நலம். ஆறு நம் வாசல்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. உன் மகன் மார்க்குஸும் நலம். கடைசியாகச் சொன்னதைத்தான் நீ நம்பமாட்டேன் என்கிறாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று நீ போனில் போட்ட சத்தத்தில் கூரை மேல் இருந்த புறா இரண்டும் பறந்துவிட்டன. "என் பிள்ளை நாக்கைக் கெடுத்துட்டியே அக்கா! வெள்ளிக்கிழமை டிக்கெட் போட்டாச்சு, அவனை ஏத்தி அனுப்பு!" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் துறவுச் சடங்கு. வெறும் பதினைந்து நாள் அங்கி உடுத்துவதற்காகத்தான் அவனே ஆசைப்பட்டு வந்தான். எனக்குப் பிறந்த இரண்டும் பெண். நம் வீட்டில் மஞ்சள் அங்கி உடுத்த இருக்கிற ஒரே ஆண்பிள்ளை இவன்தான். மகன் பிக்குவானால் அந்த அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டு பெற்றவள் சுவர்க்கம் போவாள், அது நீ. பெரியம்மாவுக்கு நுனி வேண்டாம், பிரிந்து தொங்குகிற ஒரு நூல் போதும் என்றுதான் மூன்று வாரமாக விடியலில் எழுந்து சோறு வடிக்கிறேன். அந்த நூலையும் நீ கத்தரிக்கப் பார்க்கிறாய். ஆகையால் நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே சொல்.

உன் பிள்ளை நம் பாஷை நன்றாகத்தான் பேசுகிறான், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் கம்பெனிப் பெயர் எதாவது வாயில் வந்துவிட்டால் மட்டும் திடீரென்று வெள்ளைக்காரனாகிவிடுகிறான். வந்த இரண்டாம் நாள், சடங்குக்கு வெள்ளை வேட்டி வாங்கவேண்டும் என்று மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரனிடம் போய் "சென்ட்ரல்" என்றிருக்கிறான். நடுவில் ட், பின்னால் ர, கடைசியில் ல், ஒன்றையும் விடாமல். அந்த டாக்ஸிக்காரன் இருபது வருஷமாக அந்த நிறுத்தத்தில் நிற்கிறவன். "அப்படி ஒரு இடம் நம்ம ஊர்ல இல்லியே தம்பி" என்று சொல்லி, வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கடைசியில் போகிற இடம் அதுதானே என்று பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். வேடிக்கை என்னவென்றால் அந்த நிறுத்தமே, நாம் சென்-தான் என்று சொல்கிற அதே கடை வாசலுக்கு நேர் எதிரே. உன் பிள்ளை பஸ் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து திரும்பி வந்து, பலகையைக் கையால் காட்டினானாம். "அடடே, சென்-தானா! அதை வாயைத் திறந்து சொல்லக்கூடாதா?" என்று டாக்ஸிக்காரன் கோபித்துக்கொண்டானாம்.

அடுத்தது நம் தெரு ஜே கிம்மின் மளிகைக் கடை. அங்கியெல்லாம் ஒரு தடவை அலசி வைக்கலாம் என்று "ஃபேப் வாங்கிட்டு வா" என்று இவனை அனுப்பினேன். துணிக்குப் போடுகிற தூள் எந்தக் கம்பெனியுடையதானாலும் நமக்கு ஃபேப்தானே, நீயும் அப்படிச் சொல்லித்தானே வளர்ந்தாய்? முக்கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். என்ன நடந்தது என்று பிறகு ஜே கிம்மே வந்து நடித்துக் காட்டினாள்.

"ஃபேப் இருக்குங்களா?"

"இருக்கே தம்பி. என்ன ஃபேப் வேணும்?"

"ஃபேப்தான்."

"அதான் கேக்குறேன். ப்ரீத் ஃபேபா, பாவ் ஃபேபா, ஓமோ ஃபேபா?"

"இல்லைங்க. ஃபேப் ஃபேப்."

"ஃபேப்ல அந்த ஃபேப் எங்கிட்ட இல்ல ராசா. வேற எந்த ஃபேப் வேணும்னாலும் தரேன்."

வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியம்மா, அந்தக் கடைக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ஃபேப் இருக்குங்குறாங்க, ஃபேப் இல்லைங்குறாங்க" என்று கவலையோடு கேட்டான். "ப்ரீத் ஃபேப் வாங்கிட்டு வரவேண்டியதுதானேடா!" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் என் நோட்டை எடுத்தேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள் என்பது உனக்குத் தெரியும், எழுதப் படிக்கக் கற்றதே விகாரையில் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான். அதனால் எதைக் கற்றாலும் வரவு செலவாக எழுதினால்தான் எனக்கு மனசில் நிற்கும். பிள்ளைக்காக ஒரு பக்கம் கோடு போட்டேன். மெர்சிடிஸ்-பென்ஸ்: வரவு நாலு அசை, செலவு மூன்று, இருப்பு பென். ஃபோக்ஸ்வாகன்: வரவு மூன்று, செலவு இரண்டு, இருப்பு ஃபோக். மெக்டொனால்ட்ஸ்: வரவு மூன்று, செலவு இரண்டு, இருப்பு மேக். கீழே பொது விதி: கடைசியில் ல் வந்தால் ன் ஆக்கு, ஸ் வந்தால் த் ஆக்கு, முன்னால் இரண்டு மெய்யெழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் ஒன்றைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் நடுவில் ஒரு அ போட்டுப் பிரித்து வை. அவன் பெயரையும் எழுதினேன். மார்க்குஸ்: வரவு இரண்டு, செலவு ஒன்று, இருப்பு குத். அதிலிருந்து தெரு முழுக்க அவனுக்குக் குத் என்றுதான் பெயர். பிள்ளை ஒரே ராத்திரியில் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டான். உன் மூளை அவனுக்கு.

இனிமேல் நான் சொல்வதில் தப்பு என்னுடையது. அதை ஒளிக்கமாட்டேன், ஐந்து சீலம் எடுத்தவள். போன புதன்கிழமை மதியத்துக்கு மேல் விகாரைக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து சடங்குக்கு வாழையிலைக் கிண்ணம் மடித்துக்கொண்டிருந்தோம். இலையை மடித்துப் பின் அடிக்கிற மேக் இரண்டும் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணிவிட்டன. உலகத்தில் எல்லாரும் ஸ்டேப்லர் என்று சொல்வதை நாம் கம்பெனிப் பெயரை வைத்து மேக் என்கிறோமே, அந்த மேக். அதில் போடுகிற பின்னுக்கு நம் பேச்சில் மேக் குட்டி. என் நோட்டில் ஏற்கெனவே ஒரு மேக் எழுதியிருக்கிறேன், இன்னொரு மேக் எழுதவில்லை என்பது அந்த அவசரத்தில் எனக்கு எங்கே ஞாபகம் வந்தது? போனைப் போட்டேன்.

"குத்து, ஓடு! பெரிய மேக் ரெண்டு, குட்டியோட. குட்டி மட்டும் நாலு டப்பா. நேரா விகாரைக்குக் கொண்டா."

"மேக்கா? இப்பவா பெரியம்மா? பன்னெண்டு மணி தாண்டிடுச்சே."

"மணியாவது ஒண்ணாவது, இலை வாடுதுடா! பெரிய பிக்கு இங்கியே உக்காந்து காத்துக்கிட்டு இருக்கார்."

"அவரா கேட்டாரு?"

"அவருதான் கேட்டாரு. சீக்கிரம்!"

அரை மணியில் வந்தான். முகமெல்லாம் பெருமை. முதல் தடவையாக ஒரு வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொண்டு காரியத்தை முடித்த பெருமை. காலணியைக் கழற்றி, முழங்காலிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடி மூன்று தடவை விழுந்து கும்பிட்டு, இரண்டு கையாலும் பெரிய பிக்குவின் முன்னால் வைத்தான். தலையணை பருமனுக்கு இரண்டு பர்கர். பக்கத்தில் குழந்தைகளுக்கு விற்கிற பொம்மை போட்ட சாப்பாட்டு டப்பா நாலு. மதியத்துக்கு மேல் ஒரு பருக்கை தொடாத விரதக்காரர் அவர், அறுபது வருஷமாக. கூடம் முழுக்க வறுத்த கிழங்கு வாசனை. பெரிய பிக்கு ஒரு டப்பாவைத் திறந்து, அதிலிருந்த பிளாஸ்டிக் டைனோசரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லம்துவன் தாயே, இது நல்லாத்தான் கடிக்கும்போல. ஆனா இலையைக் கடிக்குமா?" என்றார்.

அவ்வளவுதான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பர்கரை இலைமேல வச்சு உக்காந்து அழுத்துங்கடி, பின் தானா ஏறும்" என்றாள் ஜே கிம். எனக்கும் சிரிப்பு வந்தது, என்ன செய்வது. நிமிர்ந்து பார்த்தால் உன் பிள்ளை காது வரை சிவந்து நிற்கிறான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான்.

"நான் ஊருக்குப் போறேன் பெரியம்மா. ஒரு மேக்குக்கும் இன்னொரு மேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவன், பிக்குவா உக்காந்து எவனுக்கு என்ன சொல்றது?"

நோட்டை எடுத்து மேக் என்று எழுதிய இடத்துக்கு எதிரே "மேக் குட்டி, பர்கர் அல்ல" என்று சிவப்பு மையில் திருத்தி, அவன் பெட்டிமேல் வைத்துவிட்டு, புத்தர் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன தெரியும் எனக்கு?

கொஞ்ச நேரத்தில் உள்ளே தனியாகச் சிரிக்கிற சத்தம். புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஓடினேன். ஒரு கையில் சடங்குக்குப் படிக்கிற பாலிப் புத்தகம், இன்னொரு கையில் என் நோட்டு.

"பெரியம்மா, இங்க பாருங்க! புத்தகத்துல மங்கலம்னு இருக்கு. நீங்க மொங்கொன்னு சொல்றீங்க. ல போச்சு, ன் வந்துச்சு. சென்ட்ரல் சென்-தான் ஆன அதே கணக்கு! பிரதேஸத்தை ப்ரதேத்ங்குறீங்க. ஸ போச்சு, த் வந்துச்சு. மார்க்குஸ் குத் ஆன மாதிரியே!"

"ஆமாடா."

"நகர சுவர்க்கம்னு ஊருக்குப் பேரு வச்சுட்டு, அதை நகோன் சவான்னு ஆக்கி வச்சிருக்கீங்களே!"

"சுவர்க்கத்துக்கே வரவு செலவு எழுதினவங்கடா நாங்க. உன் சென்ட்ரல் எம்மாத்திரம்?" என்றேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது ரவிவான், வெளியூரிலிருந்து நமக்கு எது பிடித்து வந்தாலும், புத்தர் வாக்கானாலும் சோப்புத் தூளானாலும், ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டிருக்கிறோம், தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டியதுதான். பிள்ளை பெட்டியைத் திறந்து சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தான். மறுநாள் காலை ஜே கிம் கடைக்குப் போய், "ஃபேப் ஒண்ணு, பாவ் ஃபேப்" என்றானாம். அவள் கண் கலங்கி ஒரு தேங்காய்ப் பால் மிட்டாய் இனாமாகக் கொடுத்தாளாம்.

இந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் நேற்று உன் வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். பிள்ளை அன்பாகப் பேசினான். "அப்பா, பென் எப்படி ஓடுது? பக்கத்து வீட்டு வொன்வோவை வித்துட்டாங்களா? நீங்க எப்பென் போன் மாத்தியாச்சா?" வோல்வோ வொன்வோ ஆனதும் ஆப்பிள் எப்பென் ஆனதும் என் நோட்டுக் கணக்குத்தானே, இதில் என்ன தப்பு? அதற்கு டீட்டர், பிள்ளைக்கு நாக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, இது மூளையிலிருந்து வருகிற அறிகுறி என்று, கேமராவுக்கு நேரே நாக்கை நீட்டு, வலது கையைத் தூக்கு, சிரித்துக் காட்டு என்று ஆட்டி வைத்தார். பிள்ளை நாக்கை நீட்டியதை நான் பார்த்தேன். ஆரோக்கியமான நாக்கு. நல்ல சிவப்பு. நீ உடனே என்மேல் பாய்ந்தாய்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன் மாமியார் உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள்? ரவி. உன் வீட்டுக்காரர்? ரவி. வான் எங்கே போயிற்று? நம் அப்பா ஜோசியரிடம் நடையாய் நடந்து வைத்த பெயரில் பாதியை அங்கே வெட்டி எறிந்தார்கள், இருபத்தெட்டு வருஷமாகிறது. நான் எந்த டாக்டரையாவது கூப்பிட்டேனா? எவர் நாக்கையாவது நீட்டச் சொன்னேனா? பிரியத்தில் கூப்பிடுகிறார்கள் என்றுதானே விட்டேன்?

உன் பிள்ளை நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கு வந்ததும் எல்லா எழுத்தும் தானாகத் திரும்பிவிடும், நான் பொறுப்பு. அக்கா உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வெள்ளிக்கிழமை டிக்கெட்டை விட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கியில் பார்க்க அனுமதி கொடு. நீ சரி என்றால் சடங்கு முடிந்து புண்ணியத்தைப் பங்கிடத் தண்ணீர் வார்க்கும்போது உன் பெயரை நான் சொல்வேன். முழுசாகச் சொல்வேன், ரவிவான் என்று, ஒரு அசையையும் செலவில் எழுதமாட்டேன். நீ கூடாது என்றால், மூத்தவள் என்றாலும் உன் சொல்லுக்குக் கட்டுப்படுவேன். உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

டீட்டருக்கு என் வணக்கம், அவருடைய பென் நலமாக ஓடட்டும். மும்மணிகளின் காவல் உங்கள் வீட்டு நிலைப்படியில் இரவு பகல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா லம்துவன்
செவ்வாய்க்கிழமை காலை

பி.கு.: தபாலாபீஸ் மேசையில் நின்றபடி இதை எழுதுகிறேன். சாதாரணத் தபால் ஜெர்மனி போய்ச் சேரப் பதினைந்து நாளுக்குக் குறையாது என்கிறாள் இங்கே இருக்கிற பெண். "விரைவுத் தபால்ல போடட்டுமாம்மா? இல்ல போன்ல படம் எடுத்து லைன்ல அனுப்பினா இப்பவே போயிடுமே?" என்றாள். "வேணாம்மா, பெரியவங்க கடுதாசி, மரியாதையா நிதானமாப் போகட்டும்" என்றேன். பொய் சொல்லாமை என் நாலாவது சீலம், நான் சொல்லவும் இல்லை. அனுமதி கேட்டிருக்கிறேன், கேட்டது கேட்டதுதான். நடுவில் நீ போன் செய்தால் எடுக்கமாட்டேன், இன்று மதியத்திலிருந்து ஞாயிறு வரை மௌன விரதம் எடுத்திருக்கிறேன், உன் அத்தானையும் எடுக்க வைத்திருக்கிறேன். டிக்கெட் வீணாகுமே என்று பதறாதே. பிள்ளையே இன்று காலை லுஃப்தான்சா விமானக் கம்பெனியின் பாங்காக் ஆபீசுக்குப் போன் போட்டுத் தேதியை மாற்றிவிட்டான். "லுப் ஆபீசா?" என்றுதான் கேட்டான். அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு உடனே புரிந்துவிட்டது. நோட்டில் எழுதிவிட்டேன்: வரவு மூன்று, செலவு இரண்டு.